ஞாயிற்றுக்கிழமை வரட்டும், அவசரமில்லை

வாசகர் கேள்வி – பதில்

ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களான லெந்து காலம் நெருங்குகிறது. வீட்டு வேதபாடக் குழுக்களைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினாலும் எழுதினேன், ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதத்தை அனுப்பிவிட்டார். முக்கால்வாசிக் கடிதங்கள் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: கிறிஸ்துவின் பாடுகளையும் உயிர்த்தெழுதலையும் பத்துப் பேர் உட்கார்ந்து எப்படிப் பேசுவது? நான் இறையியல் படித்தவள் இல்லை. ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ரிடையர் ஆனவள். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் வியாழன்தோறும் கூடுகிற குழுவை நடத்துகிறவள். அந்த அளவுக்குள் நின்று பதில் சொல்கிறேன். வசனங்கள் நமக்குப் பழகிய பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடி.

கே: எங்கள் சபையில் லெந்து நாட்களுக்கென்று வீட்டுக் குழுக்கள் தொடங்குகிறோம். நான்கு சுவிசேஷங்களிலிருந்தும் பாடுகளின் பகுதியைத் தொகுத்து ஒரே வரிசையாகப் படிக்கலாம் என்கிறார் எங்கள் போதகர் ஐயர். சரிவருமா, சிஸ்டர்?
– ஒரு வாசகர், சாயர்புரம்

ப: ஐயரோடு எனக்குச் சண்டை வேண்டாம். பிரசங்கத்துக்கு அது சரிவரும். குழுவுக்கு வராது. நாலையும் சேர்த்தால் ஆளுக்கொரு பக்கம் புரட்டிக்கொண்டிருப்பார்கள், பாதி நேரம் "எத்தனையாவது அதிகாரம்?" என்பதிலேயே போய்விடும்.

மாற்குவை மட்டும் எடுங்கள். 14-ம் அதிகாரம் 72 வசனம், 15-ம் அதிகாரம் 47, பிறகு 16-ல் முதல் 8. அவ்வளவுதான். லெந்து பிறக்கிற சாம்பல் புதனுக்கு அடுத்த வாரம் தொடங்கினால், ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரம் வரைக்கும் ஆறு கூட்டம் கிடைக்கும். பெத்தானியா வீட்டில் அந்த ஸ்திரீ தைலக்குப்பியை உடைத்தது முதலாவது. பஸ்காப் பந்தி, கெத்செமனே, பிரதான ஆசாரியன் வீட்டு முற்றம், பிலாத்து என்று வரிசையாகப் போய், பரிசுத்த வாரத்தில் சிலுவைக்கு வாருங்கள். அடக்கத்தையும் காலியான கல்லறையையும் அன்றைக்கே முடிக்க ஆசை வரும். முடிக்காதீர்கள். அது ஈஸ்டருக்கு அடுத்த வாரம்.

இதில் மட்டும் நான் பிடிவாதக்காரி. நம் ஜனங்களுக்கு இயேசு மரித்த வெள்ளிக்கிழமையில் உட்காரப் பொறுமை கிடையாது. கெத்செமனேயில் அவர் "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று ஒருவர் வாசித்து வாய் மூடுமுன்னே இன்னொருவர், "ஆனாலும் மூன்றாம் நாள் ஜெயித்தாரே, அல்லேலூயா!" என்று முடித்துவிடுவார். சீஷர்களுக்கு அந்த ராத்திரியில் மூன்றாம் நாள் கையில் இல்லை. அவர்கள் நின்ற இடத்தில் நாமும் ஒரு மணி நேரம் நிற்கலாம், ஒன்றும் குறைந்துபோகாது.

நடத்துகிற விதம் ரொம்பச் சாதாரணம். பகுதியை இரண்டு தடவை வாசிக்கவேண்டும், இரண்டாவது தடவை வேறு ஒரு குரல். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசக்கூடாது. பிறகு, "இங்கே யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். ஜனங்கள் எண்ண ஆரம்பிப்பார்கள். துப்பட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போன வாலிபன் அப்போதுதான் பலர் கண்ணில் படுவான். "இயேசு ஏன் மரித்தார்?" என்று கேட்டால் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த பதில் வரும், அதோடு எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். "பேதுரு ஓடிப்போகாமல் ஏன் நெருப்பருகே வந்து உட்கார்ந்தான்?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, வருஷக்கணக்காக வாயே திறக்காதவர், "ஓடவும் மனசில்லை, கிட்டப் போகவும் தைரியமில்லை, நாம எல்லாம் அப்படித்தானே" என்றார். விளக்கவுரைப் புத்தகம் இருந்தால் அதைக் கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிஷம் வரை திறக்கவேண்டாம். திறந்துவிட்டால் அண்ணாச்சி பேசமாட்டார்.

கே: எங்கள் குழுவில் ஒரு சகோதரர் சிலுவை மரணத்தின் மருத்துவ விளக்கம் என்று ஆணி எந்த நரம்பில் இறங்கியது, மூச்சு எப்படித் திணறியது என்று முக்கால் மணி நேரம் பேசுகிறார். வீடியோவும் போட்டுக் காட்டுகிறார். பெண்கள் அழுகிறார்கள், பிள்ளைகள் பயப்படுகிறார்கள். "அப்போதுதான் பாடுகளின் அருமை தெரியும்" என்கிறார். நீங்கள் நர்ஸ் என்பதால் கேட்கிறேன்.
– ஒரு வாசகி, நாகர்கோவில்

ப: நர்ஸ் என்பதால்தான் சொல்கிறேன், நிறுத்தச் சொல்லுங்கள்.

முதலில் மருத்துவம். சிலுவையில் அறையப்பட்டவர்கள் எதனால் மரித்தார்கள் என்பதில் மருத்துவர்களே ஒத்துப்போகவில்லை. மூச்சுத்திணறல் என்பது ஒரு கட்சி. ரத்த இழப்பும் அதிர்ச்சியும்தான் என்பது இன்னொரு கட்சி. 1986-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது, அதையும் மறுத்து எழுதியவர்கள் உண்டு. மாற்கு சொல்வது ஒன்றுதான்: இவ்வளவு சீக்கிரம் மரித்துப்போனாரா என்று பிலாத்து ஆச்சரியப்பட்டு, நூற்றுக்கு அதிபதியைக் கூப்பிட்டு விசாரித்தான். இதைவிட நிச்சயமாக உங்கள் சகோதரர் பேசினால் அது அவருடைய கற்பனை.

கையில் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு சான்று வேண்டுமானால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். 1968-ல் எருசலேமின் வடபக்கம் ஒரு கல்லறைக் குகையில் எலும்புப் பெட்டி ஒன்று கிடைத்தது. யெகோகனான் என்று பேர் வெட்டியிருந்தது. உள்ளே ஒரு குதிகால் எலும்பு, அதன் குறுக்கே இரும்பு ஆணி. முனை வளைந்துபோனதால் ஆணியைப் பிடுங்க முடியாமல் அப்படியே வைத்து அடக்கம் செய்திருக்கிறார்கள். முதல் நூற்றாண்டு. ரோமர்கள் சிலுவையில் அறைந்தவர்கள் ஆயிரக்கணக்கில்; இப்படிச் சான்றோடு கிடைத்த எலும்பு விரல்விட்டு எண்ணும் அளவில்தான். அந்த யெகோகனானின் சரீரத்தைக் கேட்டு வாங்கி, அடக்கம் பண்ணி, ஒரு வருஷம் போல் கழித்து எலும்பைப் பொறுக்கிப் பெட்டியில் வைக்க அவனுக்கும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அரிமத்தியா யோசேப்பு பிலாத்தினிடம் போய்ச் சரீரத்தைக் கேட்டான் என்று வாசிக்கும்போது எனக்கு இந்தப் பெட்டிதான் ஞாபகம் வரும்.

இப்போது சுவிசேஷத்தைப் பாருங்கள். அறைந்ததை மாற்கு எத்தனை வரியில் சொல்கிறார்? "அவரைச் சிலுவையில் அறைந்தபின்பு" என்று கடந்து, உடனே வஸ்திரத்துக்குச் சீட்டுப்போட்டதற்குப் போய்விடுகிறார். ஆணி என்ற பேச்சே அங்கே இல்லை. தோமா கேட்கும்போதுதான் யோவானில் ஆணிகளின் காயம் வருகிறது. வாசித்த முதல் ஜனங்களுக்குச் சிலுவை என்றால் என்னவென்று தெரியும், ஊருக்கு வெளியே பார்த்திருப்பார்கள். சுவிசேஷகர்கள் நேரம் எடுத்துச் சொல்வது வேறு விஷயங்களை. யார் பரியாசம் பண்ணினார்கள், யார் தூரத்தில் நின்றார்கள், வழியே வந்த சிரேனே ஊரான் சீமோனைப் பிடித்து எப்படிச் சிலுவையைச் சுமக்க வைத்தார்கள். அந்தச் சீமோனுடைய பிள்ளைகளின் பேரைக்கூட மாற்கு எழுதுகிறார்: அலெக்சந்தர், ரூப்பு. ஆணிக்கு ஒரு வரி இல்லை, சுமந்தவனின் பிள்ளைகளுக்கு வரி உண்டு.

வேதனையைப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. யோவான் 19-ல் "தாகமாயிருக்கிறேன்" என்கிறாரே, அந்த ஒரு வசனத்தோடு உட்காருங்கள். கடைசி மணி நேரத்தில் உதடு எப்படி வெடிக்கும், நாக்கு எப்படி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். முழுங்க முடியாதவர்களுக்கு டம்ளரில் தண்ணீர் கொடுக்க முடியாது; பஞ்சை நனைத்து உதட்டில் தடவுவோம். சில பேர் அந்தப் பஞ்சை உதட்டாலேயே பிடித்துக்கொள்வார்கள், விடமாட்டார்கள். அங்கே யாரோ கடற்காளானை, அதாவது ஸ்பாஞ்சை, காடியில் (புளித்த திராட்சரசத்தில்) தோய்த்து ஈசோப்புத் தண்டில் மாட்டி வாய்க்கு நேராக நீட்டினார்கள். இரக்கத்தாலா, கேலிக்கா? நான்கு சுவிசேஷங்களையும் வைத்துப் பார்த்தாலும் அதைத் தீர்த்துச் சொல்வது கடினம். எங்கள் குழுவில் இந்த ஒரு கேள்வியிலேயே ஒரு மாலை போயிற்று. வீடியோ தேவைப்படவில்லை.

கே: கல்லூரி மாணவர்கள் குழு ஒன்றை நடத்துகிறேன், அம்மா. கல்லறைக்கு எத்தனை பெண்கள் போனார்கள், தூதர் ஒருவரா இருவரா என்று ஒரு பையன் நான்கு சுவிசேஷங்களையும் ஒப்பிட்டுக் கேட்டான். நான் "விசுவாசத்தோடு வாசிக்கவேண்டும்" என்று சொல்லிச் சமாளித்தேன். அவன் முகம் சுண்டிவிட்டது.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

ப: தம்பி, உங்கள் குழுவிலேயே வேதத்தை ஒழுங்காக வாசித்த ஆள் அவன்தான்! அடுத்த கூட்டத்தில் கரும்பலகையோ ஒரு பெரிய தாளோ எடுத்து நாலு கட்டம் போட்டு அவன் கையில் மார்க்கர் பேனாவைக் கொடுங்கள். மாற்குவில் மூன்று பெண்கள், கல்லறைக்குள் வெள்ளை அங்கி தரித்த ஒரு வாலிபன். மத்தேயுவில் இரண்டு மரியாள்கள், கல்லைப் புரட்டி அதின்மேல் உட்கார்ந்த தூதன். லூக்காவில் யோவன்னாளும் இன்னும் சிலரும் சேருகிறார்கள், பிரகாசமான வஸ்திரம் தரித்த இருவர் நிற்கிறார்கள். யோவானில் மகதலேனா மரியாள் மட்டும் இருட்டோடே வருகிறாள்; மாற்குவிலோ சூரியன் உதிக்கிற நேரம். வித்தியாசம் எல்லாவற்றையும் எழுதட்டும். எழுதி முடித்தபின், நாலு கட்டத்திலும் ஒன்றாக இருப்பது என்ன என்று கேளுங்கள். வாரத்தின் முதலாம் நாள். புரட்டிப் போட்ட கல். சரீரம் இல்லை. மகதலேனா மரியாள் நாலிலும் இருக்கிறாள்.

வார்டில் ஒரு நோயாளியைப் பற்றி மூன்று ஷிப்ட் நர்ஸ்கள் எழுதின ரிப்போர்ட் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தால் டாக்டர் சந்தோஷப்படமாட்டார், ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி காப்பியடித்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார். இதை நான் பையனுக்குச் சொல்வேன். ஆனால் வாயை அடைக்கச் சொல்லமாட்டேன், ஏனென்றால் இதனால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடாது.

நாலையும் ஒட்டித் தைத்து ஒன்றாக்கும் ஆசை புதிதில்லை. இரண்டாம் நூற்றாண்டிலேயே தாத்தியான் என்பவர் செய்து பார்த்துவிட்டார். சீரிய மொழிச் சபைகள் வெகு காலம் அந்தத் தொகுப்பைத்தான் வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் தெயோதொரேத்து என்ற பிஷப் தம் சபைகளில் இருந்த 200-க்கும் மேற்பட்ட பிரதிகளை எடுத்துவிட்டு நான்கு சுவிசேஷங்களைத் திரும்ப வைத்தார். வித்தியாசங்கள் சபைக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் நாலையும் வைத்துக்கொண்டது.

அந்தப் பையன் இன்னும் ஒரு படி போவான், தயாராக இருங்கள். மாற்கு 16-ல் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் நான்காம் நூற்றாண்டின் இரண்டு பெரிய கையெழுத்துப் பிரதிகளான சீனாய் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் இல்லை. அவற்றில் கதை 8-ம் வசனத்தோடு முடிகிறது: பெண்கள் பயந்து ஓடினார்கள், "ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்." அங்கேயே நிறுத்தி வாசித்துவிட்டு, "சொல்லாமல் போயிருந்தால் நமக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேளுங்கள். ஹாஸ்டல் வார்டன் வந்து விளக்கை அணைக்கும்வரை பேசுவார்கள்.

பவுலையும் பார்க்கச் சொல்லுங்கள். 1 கொரிந்தியர் 15, சுவிசேஷங்களுக்கும் முந்தின எழுத்து. கேபா என்கிற பேதுரு, பன்னிருவர், ஐந்நூறுக்கு அதிகமான சகோதரர், யாக்கோபு என்று ஒரு பட்டியல் கொடுக்கிறார். கல்லறைக்கு முதலில் போன பெண்களின் பேர் அதில் இல்லை. நம் கமிட்டி மினிட்ஸ் மாதிரிதான்.

கே: பாடுகளின் பகுதியைப் படித்தால் கடைசியில் "யூதர்கள் கொன்றுபோட்டார்கள், அதற்குத்தான் அவர்கள் அனுபவிக்கிறார்கள்" என்று பேச்சு போகிறது. எனக்குச் சங்கடமாக இருக்கிறது, அம்மா.
– ஒரு வாசகி, சென்னை

ப: சங்கடப்படுவது நல்லது. இயேசு யூதர். மரியாள், பேதுரு, தூரத்தில் நின்று அழுத பெண்கள், அடக்கம் பண்ணின யோசேப்பு, எல்லாரும் யூதர்கள். சிலுவை ரோம தண்டனை; தீர்ப்புச் சொன்னவன் ரோம தேசாதிபதி. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணம் சொல்கிறோமே, அதில் பாடுகளோடு சேர்த்துச் சொல்கிற ஒரே பேர் எது? பொந்தியு பிலாத்து. அவன் பேர் பொறித்த கல்லே 1961-ல் செசரியாவில் கிடைத்திருக்கிறது. "யூத ஜனம் முழுவதன்மேலும் பழியைப் போடக்கூடாது" என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் 1965-ல் எழுதியே வைத்தது. அதற்கு முந்தின நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் பரிசுத்த வார நாட்களில் யூதர் வீடுகளைத் தாக்கின சரித்திரம் உண்டு. வெறும் பேச்சில் தொடங்கி அங்கே போய் நின்றது.

குழுவில் பேச்சு அப்படித் திரும்பினால் நீங்கள் வாக்குவாதம் பண்ணவேண்டாம். "சரி, இந்தப் பகுதியில் நீங்கள் யார்?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். யாரும் இதுவரை என்னிடம் "நான்தான் இயேசு" என்று சொன்னதில்லை.

கே: எங்கள் குழுவில் ஒரு அக்கா. ஒரே மகன், பைக் விபத்தில் போய்விட்டான். போன ஈஸ்டருக்கு அப்புறம் லூக்கா 24 வாசித்தபோது, "அவர் எழுந்தார், என் பிள்ளை எழும்பலையே" என்றார்கள். எல்லாரும் திகைத்துப் போனோம். ஒருவர், "கடைசி நாளில் எழும்புவான் அக்கா" என்றார். அதற்குப் பிறகு அக்கா வருவதில்லை. நாங்கள் என்ன சொல்லியிருக்கவேண்டும்?
– பேர் வெளியிட விரும்பாத வாசகி, நாசரேத்

ப: சொன்னவரைக் குறை சொல்லவில்லை. உபதேசப்படி சரிதான். ஆனால் யோவான் 11-ஐ எடுத்து அந்த வாக்கியத்தை யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். லாசரு செத்து நாலு நாள். "உயிர்த்தெழுதல் நடக்கும் கடைசிநாளிலே அவனும் உயிர்த்தெழுந்திருப்பான் என்று அறிந்திருக்கிறேன்" என்று சொல்வது மார்த்தாள். இழந்தவளே சொல்கிறாள். உங்கள் அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் அழுகிறார்கள். அவர்கள் வாயிலிருந்து என்றைக்காவது வரவேண்டிய வாக்கியத்தை இன்னொருவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்.

அதே அதிகாரத்தில் இன்னும் ஒன்று உண்டு. மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து ஒரே குறையைச் சொல்கிறார்கள்: "ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." மார்த்தாளுக்கு இயேசு உபதேசம் சொல்கிறார், "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று. மரியாளுக்கு ஒரு உபதேசமும் இல்லை. அவள் அழுகிறதைக் கண்டு கலங்கி, "அவனை எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்கிறார், பிறகு அவரும் அழுகிறார். யாருக்கு எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்குத் தெரியாது. தெரியாதவரைக்கும் இரண்டாவது வழியே பத்திரம்.

நீங்கள் வாசித்த லூக்கா 24-ல், எம்மாவு ஊருக்குப் போகிற இரண்டு சீஷரோடு உயிர்த்த இயேசு யாரென்று தெரியாமல் நடக்கிற வழியிலும் அப்படித்தான். ஏழு எட்டு மைல் நடை. கூட நடக்கிறவர் எடுத்த எடுப்பில் வேதத்தை விளக்கவில்லை. என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள், ஏன் முகம் வாடியிருக்கிறது என்கிறார். அவர்களில் ஒருவனான கிலெயோப்பா, உமக்குத் தெரியாதா என்று சலித்துக்கொள்கிறான். நடந்ததெல்லாம் அவருக்கே நடந்தது. ஆனாலும் "எவைகள்?" என்று கேட்டு, அவர்கள் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை விடுகிறார். "நம்பியிருந்தோம்" என்று அவர்கள் சொல்வதையும் சேர்த்து.

வார்டில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளையை இழந்த தாயைச் சுற்றி உறவுக்காரர்களும் சபையாரும் நின்று தேவசித்தம், நல்ல இடத்தில் இருக்கிறான் என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாரும் படியிறங்கின பிறகு அந்தத் தாய் நர்ஸிடம் வந்து கேட்பது ஒன்றுதான்: "சிஸ்டர், கடைசியா ஏதாச்சும் கேட்டானா?" தண்ணீர் கேட்டானா, அம்மா என்றானா, கண் திறந்திருந்ததா. அந்தச் சின்னச் சின்ன விவரம்தான் அவர்களுக்கு வேண்டும். மாற்கு 15-ன் கடைசி வசனத்தில் மகதலேனா மரியாளும் யோசேயின் தாயாகிய மரியாளும் அவரை வைத்த இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிறார்களே, அதுவும் இதே மனசுதான்.

ஆகவே அக்கா வீட்டுக்குப் போங்கள், ஒருவர் அல்லது இருவர், அதற்கு மேல் வேண்டாம். வேதாகமத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். பையனின் பேரைச் சொல்லி அவனைப் பற்றிக் கேளுங்கள். என்ன சாப்பாடு பிடிக்கும், எந்தப் பாட்டுப் பாடுவான். திரும்பக் குழுவுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தவேண்டாம். இந்த வருஷம் லூக்கா 24 வருமுன் "இந்த வாரம் இன்ன பகுதி, வருகிறதும் வராததும் உங்கள் இஷ்டம்" என்று தெரிவித்துவிடுங்கள். வந்தார்களென்றால், போன தடவை சொன்னதையே திரும்பவும் சொல்லட்டும். அந்தக் கேள்விக்கு அந்த அறையில் இடம் இருக்கவேண்டும்.

கே: எங்கள் தெருவில் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. அவர்களுடைய அன்பியத்துக்கு (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் குழு) எங்களையும், எங்கள் குழுவுக்கு அவர்களையும் அழைத்துக்கொள்கிறோம். ஆனால் வேதாகம நடை வேறு, பாடுகளைப் பதினான்கு நிலைகளாக ஜெபிக்கிற சிலுவைப்பாதையில் வேதத்தில் இல்லாததும் வருகிறது என்று எங்கள் பெரியவர் முறுக்குகிறார்.
– ஒரு வாசகர், தூத்துக்குடி

ப: வெரோணிக்கா முகம் துடைத்ததும், மூன்று தடவை விழுந்ததும் சுவிசேஷங்களில் இல்லை, பெரியவர் சொல்வது உண்மை. பதினான்கு நிலைகளில் மற்றவை பெரும்பாலும் உண்டு என்பதையும் அவரே எண்ணிப் பார்க்கலாம். ஒரே பகுதியை முதலில் ஒரு மொழிபெயர்ப்பிலும், பிறகு இரு தரப்பாரும் சேர்ந்து செய்து 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பிலும் வாசியுங்கள். இரண்டு தடவை வாசிக்கவேண்டும் என்றேனே, அதற்கும் ஆயிற்று. பெரியவரையே ஒரு வாசிப்புக்குப் போட்டுவிடுங்கள். முறுக்கு தளரும்.

கே: ஆபீசில் மதிய இடைவேளையில் நாலைந்து பேர் கூடி வேதம் வாசிக்கிறோம். ஒரு இந்து நண்பரும் ஆர்வமாக வருகிறார். "செத்தவர் எழுந்தார் என்பதை நீங்கள் நிஜமாகவே நம்புகிறீர்களா, இல்லை அப்படிச் சொல்வது வழக்கமா?" என்று கேட்டார். எங்களுக்குள்ளேயே ஒருவர், "எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு" என்றார். குழு கலைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, ஆன்ட்டி.
– ஒரு வாசகி, பெங்களூரு

ப: நல்ல கேள்விம்மா. நேர்மையான நண்பர். அவரிடம் நீங்கள் நம்புவதை உங்கள் வாயால், உங்கள் சொந்த வார்த்தையில், இரண்டு நிமிஷத்துக்குள் சொல்லுங்கள். துண்டுப்பிரதி கொடுக்காதீர்கள்.

சந்தேகம் என்று சொன்னவரைப் பற்றிப் பயமே வேண்டாம். உயிர்த்தெழுதலைச் சொல்கிற பகுதிகளைத் திரும்ப வாசித்துப் பாருங்கள், ஒரு பகுதியிலாவது எல்லாரும் உடனே நம்பினார்களா? பெண்கள் சொன்னது அப்போஸ்தலருக்கு "வீண்பேச்சாகத் தோன்றினது." மரியாள் அவரைத் தோட்டக்காரன் என்று நினைத்தாள். எம்மாவுக்குப் போனவர்கள் கூடவே நடந்தும் அறியவில்லை. மத்தேயுவின் கடைசி மலையில்கூட, அவரைக் கண்டு பணிந்துகொண்டார்கள், "சிலரோ சந்தேகப்பட்டார்கள்." அந்தச் சிலரையும் சேர்த்துத்தான் அவர் சகல ஜாதிகளிடத்திற்கும் போகச் சொல்கிறார். தனியே பிரித்து நிறுத்தவில்லை.

தோமாவைப் பற்றி நாம் பேசுவது எனக்குப் பிடிப்பதே இல்லை. சந்தேகத் தோமா என்று பட்டப்பேர் வைத்தாயிற்று. பத்துப் பேர் "கண்டோம்" என்று சொல்லியும் "நான் விசுவாசிக்கமாட்டேன்" என்றவன், எட்டு நாளைக்குப் பின்பு எங்கே இருக்கிறான்? அதே வீட்டில், அதே ஆட்களோடு. அவனும் விட்டுப் போகவில்லை, அவர்களும் துரத்தவில்லை. அந்த எட்டு நாளில் அந்த வீட்டுக்குள் என்ன பேசியிருப்பார்கள் என்று உங்கள் நண்பர்களைக் கேளுங்கள், பதில் வசனத்தில் இல்லை, அதனால் நிறையப் பேசலாம். அவன் நம் பரங்கிமலை வரைக்கும் வந்து உயிரைக் கொடுத்தான் என்று பாரம்பரியம் சொல்கிறதையும், விருப்பமிருந்தால், இந்து நண்பருக்குச் சொல்லலாம். மலையில் ஏறிப் பார்த்திருப்பார்.

கே: லெந்து காலக் குழுவில் டிபன் கொடுக்கலாமா கூடாதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம். தீர்ப்புச் சொல்லுங்கள், சிஸ்டர்.
– ஒரு வாசகி, மெஞ்ஞானபுரம்

ப: கூடாது என்கிற கட்சிதான் நான், ஆனால் உபவாசத்துக்காக அல்ல. முதல் வாரம் ஒரு வீட்டில் காப்பியும் பிஸ்கட்டும். அடுத்த வீட்டில் வடை. மூன்றாவது வீட்டில் வடையோடு கேசரி. ஐந்தாவது வாரம் ஒரு வீட்டுக்காரம்மா "எங்க வீட்டில் இடம் பத்தாது" என்பார்கள். இடம் பத்தாமல் இல்லை, கேசரிக்குப் பணம் பத்தாது. எங்கள் குழுவில் சுக்குக் காப்பி மட்டும்தான், எந்த வீடானாலும். சீனி போடுவதா கருப்பட்டியா என்பது வீட்டுக்காரர் இஷ்டம்.

ஈஸ்டர் முடிந்து யோவான் 21 படிக்கிற அன்றைக்கு மட்டும் விதிவிலக்கு. ராத்திரி முழுவதும் வலை போட்டு அலுத்து வந்தவர்களுக்குக் கரையில் கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் வைத்து, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று அவரே கூப்பிடுகிறார். இன்னொரு கரிநெருப்பின் அருகே மூன்று தடவை மறுதலித்த பேதுருவுக்கும் சேர்த்துத்தான் சமைத்திருக்கிறார், விசாரணை எல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகு. அன்றைக்கு மீன் வறுத்து வையுங்கள், எல்லாரும் காசு போட்டு வாங்கட்டும். உங்கள் ஊரிலிருந்து மணப்பாடு கிட்டத்தானே, காலையிலேயே ஆளை அனுப்பினால் நல்ல சாளை கிடைக்கும்.